விலை கேட்காத தையல்

(திருகோணமலையில் நடைபெற்ற பெண்கள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, நகரிலிருந்தும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கங்களிலிருந்தும் வந்திருக்கும் அக்காமாரே, ராத்தாமாரே, தங்கைமாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

இந்த மண்டபத்தில் ஊசி பிடிக்கத் தெரியாதவர் அதிகம் இருக்க மாட்டார்கள். பள்ளிச் சீருடை தைத்திருக்கிறோம், அயல்வீட்டாருக்குச் சட்டை தைத்திருக்கிறோம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் போருக்குப் பின்னும் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரம்தான் வந்தது. அது அடுப்பெரிய வைத்தது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன்.

ஆனால் அதனால் ஒரு பழக்கமும் நம்மிடம் ஊறிவிட்டது. ஐந்து பெண்கள் துணியோடு உட்கார்ந்தால் உடனே யாராவது வந்து, சந்தை எங்கே, இலாபம் எவ்வளவு, சான்றிதழ் உண்டா என்று கேட்கிறார்கள். இன்று நான் உங்களிடம் கேட்க வந்தது, சந்தையே இல்லாத ஒரு தையலுக்காக. மகிழ்ச்சிக்காக மட்டும் கூடித் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்காக, உலகம் குவில்ட் என்று அழைக்கும் அந்தக் கலைக்காக.

வேலை எளியது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து நூலோட்டி, விளிம்பு கட்டி முடிப்பது. நம் வெயிலுக்குப் பஞ்சு வேண்டியதில்லை; நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலை போதும். கண்டிப்பு ஒன்றே ஒன்று: தையலுக்கு விடும் ஓரம் எப்போதும் கால் அங்குலம். எட்டுச் சதுரங்கள் கொண்ட ஒரு வரிசையில் ஏழு தையல்கள் வரும். ஒவ்வொன்றிலும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் பிசகினால், வரிசை முடியும்போது ஏறத்தாழ ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கும். பக்கத்து வரிசையோடு அது ஒருநாளும் சேராது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் ஆற்று வளைவில் கீஸ் பெண்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அந்தப் பகுதிப் பெண்கள் 1966இல் ஒரு கூட்டுறவை அமைத்துப் போர்வை விற்றார்கள். பெரிய கடைகள் வாங்கின. ஆனால் எல்லாம் ஒரே அளவில், ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்றன. 1972இல் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்துக்காகக் கோடுறோய் என்னும் வரிவரியாய் மேடுபட்ட தடித்த துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், தங்கள் மனம்போன போக்கில் போர்வைகளாக்கினார்கள். 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில், அவ்வூர்ப் பெண்கள் தம் வீட்டுக்கென்று தைத்த போர்வைகள் தொங்கின. அந்த மிச்சத் துணியில் பிறந்தவையும் அவற்றில் இருந்தன. ஒரே அளவில் தைத்துக் கொடுத்த உறைகளைத் தேடி யாரும் வரவில்லை. கூட்டுறவு அவர்களுக்குக் கூலியும் மதிப்பும் தந்தது உண்மை. ஆனால் உலகம் வியந்து நின்றது, அவர்கள் தமக்காகத் தைத்தவற்றின் முன்னால்.

நமக்கு அருகிலேயே, கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள் பழந்துணிகளில் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ வைப்பார்கள். குளிர் தாங்க அந்தப் பூ தேவையில்லை. ஆனாலும் பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை ஆகாது.

இப்போது நம் திருகோணமலைக்கு வருகிறேன். ஒரு சிறு சங்கம் போதும். பிரித்தானியத் தீவுகளில் குவில்ட் தைப்பவர்கள் 1979இல் இப்படித்தான் ஒரு சங்கமாகக் கூடினார்கள். மாதம் ஒருமுறை சந்திப்போம். தைத்ததை எழுந்து நின்று காட்டுவோம். அந்த நேரத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் தடை: “என்ன விலை?” யாரும் அதைக் கேட்கக் கூடாது. சுற்றுப் போர்வையும் தைக்கலாம். ஒருத்தி நடுச்சதுரத்தைத் தைத்து அனுப்புவாள். மூதூரில் ஒருத்தி அதைச் சுற்றி ஒரு கரை சேர்ப்பாள், கந்தளாயில் ஒரு சிங்களச் சகோதரி அடுத்த கரையைச் சேர்ப்பாள். திரும்பி வரும் போர்வை, முதலாமவள் கனவிலும் நினைக்காத ஒன்றாக இருக்கும்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் ஆசைப்படுவது, இரண்டு நாள் வெளியே தங்கித் தைப்பதற்குத்தான். வதிவிடப் பயிற்சிகள் நமக்குப் பழக்கம்: வரவுப் பதிவேடு, விரிவுரை, குழுச் செயற்பாடு. இங்கே அவை எதுவும் இராது. நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகள் போன பிறகு, மாரி காலத்தில் அறைகள் வெறுமையாகக் கிடக்கின்றன, வாடகையும் இறங்கும். வெளியே மழை, உள்ளே நீண்ட மேசைகள், ஒரு மூலையில் மின்னழுத்தி. சமையல் வேறொருவர் பொறுப்பு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தொழுகைக்கு ஓர் அறை, மரக்கறி உண்பவர்களுக்குத் தனிப் பானை. கைக்குழந்தை இருந்தால் தூக்கி வாருங்கள், பார்த்துக்கொள்ள மடிகள் இருக்கும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. பழைய கொப்பித் தாளை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, ஓரத்தோடு ஓரம் கையால் நெருக்கித் தைத்துவிட்டுப் பின்னர் தாளை உருவிவிடும் முறை இருக்கிறது. ஊசியும் நூலும் இருந்தால் விடிய விடிய பேசிக்கொண்டே தைக்கலாம். ஒரு பெண் கேட்டாள், “அக்கா, அந்த இரண்டு நாள் வீட்டை யார் பார்ப்பது?” வீட்டில் இருக்கிற மற்றவர்கள் பார்க்கட்டும் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

பயணங்களும் போவோம். மருதமுனைக் கைத்தறிச் சாரங்களும் சேலைகளும் நமக்குத் தெரிந்தவை; நெசவாளரிடமே போய்த் துணி தேரலாம். முன்பு பாதை என்னும் மிதவையில் ஏறிக் கடந்த கிண்ணியாத் துறையை 2009இல் திறந்த பாலம் இணைத்துவிட்டது; மட்டக்களப்பு வழியாக பஸ்ஸில் போய்வருவது சிரமமில்லை. வாங்கியதை வீட்டில் முதலில் கழுவிவிடுங்கள். சாயம் இறங்குவதும் துணி சுருங்குவதும் தைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கன்னியா வெந்நீரூற்றுக்கும் கொப்பியோடு போவோம். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கடுஞ்சிவப்பு வரை ஏழு சதுரங்களாக அவற்றைத் துணியில் கொண்டுவர முடியாதா? கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களை யார் தைக்கப் போகிறீர்கள் என்றும் பார்க்க ஆசை.

முதல் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, இதே மண்டபத்தில். கத்தரிக்கோல், ஊசி, நூல், அளவுகோல், வீட்டில் கிடக்கும் பருத்தித் துணி ஏதாவது கொண்டு வாருங்கள். இயந்திரம் தூக்கி வர வேண்டாம். முதல் நாள் கையால் அறுகோணம்தான். மூதூர்ப் பக்கத்தவர்கள் மாலை பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க மூன்று மணிக்கே முடித்துவிடுவோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.