மூக்கு காய்ந்தால் காய்ச்சலா?

போன முறை உண்ணி பற்றிப் பேசினேன் அல்லவா, அதற்குக் கீழே ஒரு அம்மா கேட்டிருந்தார்: "டாக்டர், எங்கள் நாய் தூங்கி எழுந்தால் மூக்கு காய்ந்து கிடக்கிறது. காய்ச்சலா? பாரசிட்டமால் பாதி கொடுக்கலாமா?" முதல் பாதியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கடைசி வரியில் அது போய்விட்டது.

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். நாம் போடும் வலி மாத்திரை இபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

சரி, மூக்கு. நாய் அதை நக்கி நக்கித்தான் ஈரமாக வைத்திருக்கிறது. தூக்கத்தில் யார் நக்குவது? எழுந்து கொஞ்ச நேரத்தில் தானாக ஈரமாகிவிடும். வெடித்து, பொருக்குத் தட்டி, நாள்கணக்கில் அப்படியே இருந்தால் காட்டுங்கள். காய்ச்சலை மூக்கு சொல்லாது, தெர்மாமீட்டர் சொல்லும். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. நம் 98.6-ஐ மனதில் வைத்துக்கொண்டு, 102-ஐப் பார்த்ததும் அலறுபவர்கள் நிறைய.

நான் எப்போதும் சொல்வதுதான்: மூக்கை விடுங்கள், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். "மூக்கு ஜில்லென்றுதானே இருந்தது, அதனால்தான் விட்டுவிட்டேன்" என்றார். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றுதான் இருந்தது. உதட்டைத் தூக்கினால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. காது மடிப்பில் விரலை விட்டால் உண்ணி, கொத்தாக. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா என்று வந்தது, உண்ணி பரப்பும் பாக்டீரியாத் தொற்று. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக். பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த மூன்று நாள் வீண்தானே?

அதனால் மறுபடியும் சொல்கிறேன், ஈறு. விரலால் அழுத்தி எடுங்கள், வெளுக்கும். 2 விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். சில நாய்களுக்கு ஈறு பிறவியிலேயே கறுப்பு, அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். வெளுப்பு, நீலம், மஞ்சள் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.

அந்த அம்மா என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: நன்றாக இருக்கும்போது என் நாய் எப்படி இருக்கும்? அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. அது அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். கனவில் காலை உதறினால் அது முடிந்த பிறகு எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணி, எண்களை எனக்கு எழுதுங்கள் அம்மா. மூக்கு பற்றி எழுத வேண்டாம்.