மூட்டாத கைலி

எல்லோருக்கும் வணக்கம். 'உலகத்து எளிய உடைகள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். உலகம் பெரியது, எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் சின்னது. அதனால் ஒரு பையோடு வந்திருக்கிறேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு கைலி. நேற்றுச் சாயங்காலம் வாங்கியது. முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கஞ்சி வாசனை அடிக்கும். இன்னும் மூட்டவில்லை.

மூட்டுவது என்றால் இங்கே இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ. இப்போது மூட்டிய கைலியாகவே கடையில் கிடைக்கிறது. என் தாத்தா காலத்தில் கைலி என்றால் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வெறும் துணி. தெருமுனைத் தையற்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டால், இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ஓட்டு ஓட்டிக் கொடுத்துவிடுவார். ஒரு பொங்கலுக்கு முதல்நாள், கூட்ட நெரிசலில், கட்டத்தோடு கட்டம் சேராமல் மூட்டிவிட்டார். தாத்தா அதைத் தொடவே இல்லை. பாட்டி தையலைப் பிரித்து, கையாலேயே மறுபடி மூட்டிக் கொடுத்த பிறகுதான் கட்டினார். இந்த உடையில் இருப்பதே ஒரு தையல். அதுவும் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது அவர் கட்சி.

சரி, உலகத்துக்குப் போவோம். தைக்காத உடை என்றாலே நமக்குள் ஒரு கதை ஓடும். ஆதி மனிதன் எதையோ சுற்றிக்கொண்டான், அப்புறம் ஊசி கண்டுபிடித்தான், தைத்துப் போட்டுக்கொண்டான், நாகரிகம் வந்தது. இந்தக் கதையை ஒரு பழைய சட்டை கவிழ்த்துவிடுகிறது. எகிப்தில் தர்க்கான் என்ற இடத்துக் கல்லறைகளை 1913-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற தொல்லியல் அறிஞர் தோண்டினார். அங்கே கிடைத்த அழுக்குத் துணிக் குவியல் ஒன்று லண்டனுக்குப் போய், பல வருடம் அப்படியே கிடந்தது. 1977-இல் சுத்தம் செய்யப் பிரித்தபோது உள்ளே ஒரு லினன் சட்டை. கை உண்டு, தோளிலும் கையிலும் நெருக்கமான மடிப்பு உண்டு. முழங்கை மடங்கும் இடத்திலும் அக்குளிலும் சுருக்கம் விழுந்திருக்கிறது. ஆக, பிணத்துக்கென்று தைத்ததல்ல, யாரோ உயிரோடு போட்டு நடமாடியது. கார்பன் சோதனையில் கி.மு. 3482-க்கும் 3102-க்கும் இடைப்பட்டது என்று வந்தது. நெய்த துணியில் தைத்த உடைகளில் இவ்வளவு பழையது வேறொன்று கிடைத்ததில்லை.

ஐயாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கைவைத்த சட்டை தைக்கத் தெரிந்திருக்கிறது. அதற்கு மூவாயிரம் வருடம் கழித்து, பாலமும் சாலையும் கட்டிய ரோமானியர்கள் என்ன உடுத்தினார்கள்? ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டார்கள். தைக்கத் தெரியாமலா? அவர்கள் உள்ளே போட்டிருந்த டியூனிக் என்ற சட்டை தைத்ததுதான். அதற்கு மேலே சுற்றியதுதான் டோகா. கனமோ கனம். மடிப்பு வைத்துவிட இன்னொரு ஆள் வேண்டும். உடுத்திய பிறகு இடது கையால் அதைத் தாங்கியபடியே நிற்க வேண்டும், அந்தக் கையால் வேறு வேலை ஆகாது. என் எண்ணத்தில் அதுதான் அதன் பெருமையே: நான் கைவேலை செய்கிறவன் இல்லை என்று ஊருக்குக் காட்டுகிற உடை. சொந்தக் குடிமக்களுக்கே அது தொல்லையாகிப்போய், கழற்றி வைக்க ஆரம்பித்தார்கள். பேரரசர் அகஸ்டஸ், டோகா இல்லாமல் நகரப் பொதுச் சதுக்கத்துப் பக்கம் யாரையும் விடாதே என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. தேர்தலில் நிற்பவர்கள் சுண்ணம் தேய்த்து வெளுத்த டோகாவோடு ஓட்டுக் கேட்பார்கள். லத்தீனில் 'கேண்டிடஸ்' என்றால் வெளுத்தது. அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான் வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். வெள்ளை வேட்டி கட்டி ஓட்டுக் கேட்பது நம்மோடு பிறந்ததென்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள்.

தைக்கத் தெரிந்தும் பல சமூகங்கள் துணியை ஏன் வெட்டவில்லை? நூற்புதான் காரணம். தறியில் ஒருவர் நெய்ய, அவருக்கு நூல் கொடுக்கப் பல பெண்கள் நாள் முழுக்க நூற்க வேண்டும். அப்படி வந்த துணியைக் கழுத்துக்கு ஒரு வளைவு, கைக்கு ஒரு வளைவு என்று கத்தரித்தால், கீழே விழுகிற ஒவ்வொரு துணுக்கும் யாரோ நூற்ற நாள். நம் மொழியே இதைச் சொல்கிறது பாருங்கள். துணித்தால் துணி, துண்டித்தால் துண்டு, அறுத்தால் அறுவை. சங்க காலத்தில் மதுரையில் அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர் இருந்தார், துணி வியாபாரி. இன்றைக்குப் பேச்சு அறுவை என்றால் அர்த்தம் வேறு, அந்த ஆராய்ச்சிக்குள் நான் போகப்போவதில்லை. எல்லாப் பெயரும் வெட்டிலிருந்து வருகிறது, ஆனால் அந்த வெட்டு தறியிலிருந்து எடுக்கும்போது விழுகிற ஒரே வெட்டு. அதற்குப் பிறகு கத்தரி படாது.

ஜப்பானியர்கள் தைத்தார்கள், ஆனால் இதே கணக்கோடு தைத்தார்கள். கிமோனோவுக்கான துணிச் சுருளுக்கு 'தான்' என்று பெயர். ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம். அதை நேர்கோட்டில் மட்டும் வெட்டி, எல்லாத் துண்டுகளையும் பயன்படுத்திவிடுவார்கள், குப்பைக்கு ஒன்றும் போகாது. ஆள் குண்டானால் தையலுக்குள் மடித்து விட்டிருப்பதை வெளியே எடுத்தால் போதும். நல்ல கிமோனோவைத் துவைக்க வேண்டுமானால் முழுக்கப் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளமாக இணைத்து அலசிக் காயவைத்து, மீண்டும் தைப்பார்கள். நைந்தால் அது குழந்தைக்கு அணையாடை, அப்புறம் தரை துடைக்க. தாத்தாவின் கைலியும் தூளியாகி, கரித்துணியாகித்தான் முடிந்தது.

ஸ்காட்லாந்து மலைக்காரர்களின் கில்ட் இன்று பாவாடை மாதிரி தைத்து வருகிறது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது நாலைந்து கெஜ நீளக் கம்பளிதான். அவர்கள் தறி குறுகியது, அதனால் இரண்டு அகலத்தை நடுவில் இணைத்துக்கொள்வார்கள். மடிப்பு வைத்து இடுப்பில் வார் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டால் உடை. ராத்திரி அவிழ்த்துப் போர்த்தினால் படுக்கை. துணியைத் தரையில் விரித்து அதன்மேல் படுத்துக் கட்டுவார்கள் என்று சொல்வதுண்டு. மழையில், சேற்றில், தினமும் அப்படிச் செய்தார்கள் என்பதை நான் நம்பவில்லை. உடைக்காரனுக்கு ஏதோ ஒரு கைப்பழக்கம் இருந்திருக்கும்.

கலோடன் போரில் அரசுப் படையிடம் அவர்கள் தோற்ற 1746-ஆம் ஆண்டே, லண்டன் அரசு மலைநாட்டு உடைக்குத் தடைச் சட்டம் போட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, இரண்டாம் முறை ஏழு வருடம் நாடு கடத்தல். 1782-இல்தான் நீக்கினார்கள். துணியைச் சுற்றினால் ஏழு வருடமா என்று சிரிக்கலாம். ஆனால் வேட்டி கட்டிய ஓர் உயர்நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் வாசலோடு திருப்பி அனுப்பியது 2014-இல். அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது, வேட்டியை அல்ல, வேட்டியைத் தடுப்பவர்களைத் தண்டிக்க.

இப்போது இந்தக் கைலிக்கு வருகிறேன். பின்னால் இருப்பவர்களும் பாருங்கள், தூக்கிப் பிடிக்கிறேன். முழுக்கக் கட்டம். இந்த இடத்தில் மட்டும் நிறம் மாறி, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையாக இறங்குகிறது. மலாய் மொழியில் இதற்குக் 'கெபாலா' என்று பெயர், அதாவது தலை. நாம் தலைப்பு என்கிறோமே, அதே நினைப்பு. மலாய் ஆண்கள் இந்தப் பட்டை பின்பக்கம் வருகிற மாதிரி கட்டுவார்கள். 'சாரோங்' என்றால் உறை, கத்திக்குப் போடுகிற உறைக்கும் அதுதான் சொல். இலங்கையில் நம்மவர்கள் சாரம் என்கிறார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இந்தக் கட்டம் போட்ட சாரத்துக்குத் தனிப்பெயர் உண்டு: 'காயின் பெலிக்காட்'. காயின் என்றால் துணி. பெலிக்காட் என்றால் நம் பழவேற்காடு.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் அங்கே கால் ஊன்றி, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அதை விளைவித்த கிழக்குத் தீவுக்காரர்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலக் கரைத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். துணி ஏறியது, துறைமுகத்தின் பெயரும் கூடவே ஏறியது. இன்றைக்கும் கோலாலம்பூரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்புகிறவர் பெலிக்காட்தான் கட்டிக்கொள்கிறார். நீங்கள் பழவேற்காட்டுக்குப் போய்க் கைலி கேட்டால் மீனும் இறாலும்தான் கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கரையிலிருந்து 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று போன துணியைப் பல இடங்களில் யாரும் கைக்குட்டையாக வெட்டவே இல்லை. கெஜச் சதுரங்கள் வரிசையாக வரும்படி நெய்த நீளத் துணி அது. நைஜீரியாவின் கடலோரத்தில் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று சொல்லி அப்படியே இடுப்பில் சுற்றினார்கள். அதோடு விடவில்லை. பெண்கள் பிளேடை வைத்து, குறிப்பிட்ட நிற இழைகளை மட்டும் அறுத்து ஒவ்வொன்றாக உருவிவிடுவார்கள். துணி முழுசாக இருக்கும், ஆனால் நம் நெசவாளர் போட்ட கட்டம் போய், அவர்களுடைய கோலம் வந்திருக்கும். கடையில் வாங்கியது அன்றிலிருந்து அவர்கள் துணி. கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு விதம். போர்த்துகீசியர் விற்ற கைக்குட்டைகளைத் தனித்தனியாக வெட்டாமல், ஆறு ஆறாக இணைத்துப் பெண்கள் உடுத்தினார்கள். பின்னால் அதுவே காங்கா என்று ஒரே துணியாக அச்சாகி, ஓரத்தில் ஒரு சுவாஹிலி பழமொழியும் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரியிடம் வாயால் சொல்ல முடியாததை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்ச் சொல்லலாம்.

சட்டையில் திறமை தையற்காரரிடம் இருக்கிறது. சுற்றுகிற உடையில் அது உடுத்துகிறவர் விரலில் இருக்கிறது. பர்மாக்காரர்களின் கைலியான லோன்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் முன்பக்க நடுவில் முடிச்சுப் போடுவார், பெண் பக்கவாட்டில் மடித்துச் செருகுவார். நம் ஊரில் மடித்துக் கட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், அல்லது சண்டை வரப்போகிறது என்று அர்த்தம். எதிரே மாமனார் வந்தால் கை தானாகப் போய் மடிப்பை இறக்கிவிடும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பேன்ட்டில் இந்தப் பேச்சு நடக்குமா?

பர்மாப் பெண்கள் உடுத்துவதற்குத் தமெயின் என்று பெயர். கொடியில் காயும் தமெயினுக்கு அடியில் நடந்தால் ஆணின் ஆற்றல் குறைந்துபோகும் என்று அங்கே பழைய நம்பிக்கை உண்டு. 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, யாங்கூன் பெண்கள் வீட்டிலிருந்த தமெயின்களைக் கொண்டுவந்து தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் அதற்குக் கீழே போகத் தயங்கி நின்று, அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எத்தனை நிமிடம் தாமதமானதோ, அத்தனை நிமிடம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஓடக் கிடைத்தது.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்தக் கைலியைச் சுற்றுக்கு விடுகிறேன், தொட்டுப் பாருங்கள், விளிம்பு எப்படி முடிந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டத்தோடு கட்டம் சேர மூட்டித் தருகிற தையற்காரர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். துணியை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நாளைக்குக் கட்டணும்.