பிரஷருக்கு மெக்னீசியம்: மாத்திரையா, களியா?

வணக்கம் நேயர்களே. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும் மெக்னீசியம் மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டால் பிரஷர் குறையுமா என்று தருமபுரி, பாலக்கோடு, அரூர்ப் பக்கத்து நேயர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். குறையும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது.

34 ஆய்வுகளில் பங்கேற்ற 2,028 பேரின் முடிவுகளை ஒன்றுதிரட்டிய ஓர் ஆய்வறிக்கை 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 368 மில்லிகிராம் மெக்னீசியத்தை மூன்று மாதம் உட்கொண்டவர்களுக்கு, மேல் அழுத்தம் சராசரியாக 2 புள்ளியும் கீழ் அழுத்தம் 1.78 புள்ளியும் குறைந்தன என்று அது கூறுகிறது. அதாவது 150 என்றிருப்பது 148 ஆகும். இதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது அறிவீனம் என்றே சொல்வேன்.

இது எப்படி வேலை செய்கிறது? இரத்தக் குழாயின் சுவரிலுள்ள தசைக்குள் கால்சியம் புகும்போது அந்தத் தசை இறுகிக் குழாய் குறுகுகிறது. அந்த நுழைவை மெக்னீசியம் ஓரளவு மட்டுப்படுத்துவதால் குழாய் தளர்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் தினமும் விழுங்கும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் இதே வழியைத்தான் அடைக்கிறது. அது மிக வலுவாக அடைக்கிறது, மெக்னீசியம் மென்மையாக அடைக்கிறது என்பதே வேறுபாடு.

ஆகவே நான் மாத்திரையைவிடச் சோற்றுத் தட்டைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். 2023ஆம் ஆண்டு முதல் நம் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் வந்தது. அந்தக் கேழ்வரகை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நூறு கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 19 மில்லிகிராம் மெக்னீசியம்தான் இருக்கிறது. அதே எடைக் கேழ்வரகில் சுமார் 146 மில்லிகிராம் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 420 மில்லிகிராமும் பெண்ணுக்கு 310 முதல் 320 மில்லிகிராமும் தேவை என்று அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். ஒரு வேளை களியும், கீரைக் கடைசலும், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் அதில் பெரும் பங்கை நிரப்பிவிடும். கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முளைகட்டினாலும், மாவைப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலும் அந்தப் பிடி தளர்ந்துவிடும்.

உணவின் பலன் மாத்திரையின் பலனைவிடப் பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 1997இல் அமெரிக்காவில் 459 பேரிடம் டாஷ் என்ற உணவுமுறையைச் சோதித்தார்கள். உப்பின் அளவை மாற்றாமலேயே காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றைக் கூட்டியபோது, உயர் அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. அதற்கான பெருமையை மெக்னீசியத்துக்கு மட்டும் தருவது நியாயமாகாது. பொட்டாசியமும் கால்சியமும் நார்ச்சத்தும் கூடவே வந்தன. களிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடும் ஊறுகாயும் அளவின்றி எடுத்துக்கொண்டால், இந்தப் பக்கம் இறங்கியது அந்தப் பக்கம் ஏறிவிடும்.

இன்னொரு கேள்வியும் வந்தது: ஆர்.ஓ. இயந்திரம் தண்ணீரிலுள்ள மெக்னீசியத்தை நீக்கிவிடுகிறதே, பழையபடி போர் தண்ணீரையே குடிக்கலாமா? வேண்டாம். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மெக்னீசியத்தை உணவிலிருந்து பெறுவதே நல்லது.

நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், அசிடிட்டி மாத்திரையை நெடுங்காலம் தொடர்கிறவர்களுக்கும் உடலில் மெக்னீசியம் உண்மையிலேயே குறையக்கூடும். இரத்தத்தில் இருப்பது மொத்த மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்பதால், இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் கொண்டு நிம்மதி அடைய முடியாது. மருத்துவரிடம் உங்கள் மருந்துப் பட்டியலையும் காட்டுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் மெக்னீசியம் மாத்திரையைத் தாமாக வாங்கவே கூடாது, ஏனெனில் மிகுதியானதை வெளியேற்ற முடியாமல் அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும் நாளொன்றுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக உட்சென்றால் வயிற்றுப்போக்கு வரலாம்.