அணியோடு நடப்பவரின் துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுகிறவர் என்றதும், தழையைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்க அசையாமல் படுத்துக் கிடக்கும் ஸ்னைப்பர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். நான் பேச வந்தது அவரைப் பற்றி அல்ல. ஒரு சிறு அணியில் மற்றவர்களோடு சேர்ந்து ஓடி, சுவரேறிக் குதித்து, தேவைப்பட்டால் வீட்டுக்குள்ளும் நுழைகிற குறிவீரர் ஒருவர் இருப்பார். அணிக்கு எட்டாத தூரத்தை எட்டிப் பிடிப்பது அவர் பொறுப்பு. அவர் கையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தத் தேவையை முன்கூட்டியே கண்டுகொண்டது சோவியத் ராணுவம். யெவ்கெனி திரகுனோவ் வடிவமைத்த எஸ்.வி.டி. துப்பாக்கி 1963இல் அங்கே ஏற்கப்பட்டது. நம் இந்திய ராணுவமும் அதைப் பயன்படுத்தி வருகிறது. பெட்டியில் பத்துத் தோட்டாக்கள். விசையை அழுத்த அழுத்தச் சுடும். முனையில் கத்தி பொருத்தவும் வசதி செய்திருக்கிறார்கள். ஒளிந்து கிடப்பவருக்குக் கத்தி எதற்கு? அணியோடு போகிறவருக்கென்றே செய்யப்பட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதன் தொலைநோக்கியை நான் எப்போதும் வியப்பேன். நான்கு மடங்கு மட்டுமே பெரிதாக்கிக் காட்டும். கண்ணை வைத்தால் இடப்பக்கம் கீழே ஒரு நேர்கோடும், அதற்கு மேலே சரிந்து இறங்கும் ஒரு வளைகோடும் தெரியும். எதிரே நிற்கும் ஆளின் பாதம் நேர்கோட்டில் படும்படி பிடித்தால், தலை வளைகோட்டைத் தொடும் இடத்தில் உள்ள எண் தூரத்தைச் சொல்லிவிடும். 4 என்றால் 400 மீட்டர். ஆளின் உயரம் 1.7 மீட்டர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. குள்ளமானவர் வந்தால் கொஞ்சம் பிசகும், அவ்வளவுதான்!

அமெரிக்கர்கள் இதே இடத்துக்குச் சுற்றுவழியில் வந்து சேர்ந்தார்கள். எம்-14 துப்பாக்கி கனமானது, நீளமானது என்று 1960களில் ஓரங்கட்டினார்கள். ஆனால் 1993 அக்டோபரில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில், விழுந்த அமெரிக்க ஹெலிகாப்டரின் விமானியைக் காக்க இறங்கிய, டெல்டா என்ற அமெரிக்கச் சிறப்புப் படையின் வீரர் ராண்டால் ஷுகார்ட்டின் கையில் இருந்தது அதே எம்-14தான். அவரும் உடன் இறங்கிய கேரி கார்டனும் அங்கேயே உயிரிழந்தார்கள்.

பிறகு ஆப்கானிஸ்தான், இராக் போர்களில் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் கைக்கு மார்க் 12 என்ற துப்பாக்கி வந்தது. சாதாரண வீரரின் எம்-4 துப்பாக்கிக் குழல் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர், இதில் 46. குழலைச் சுற்றியுள்ள பிடி குழலைத் தொடாமல் விலகி நிற்கும். அதனால் வீரர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துச் சுட்டாலும் குழல் அழுந்தாது, குறி மாறாது. குண்டின் எடையையும் 4 கிராமிலிருந்து 5 கிராமாக்கினார்கள். கனமான குண்டு வேகத்தை மெதுவாகத்தான் இழக்கும்; காற்றும் அதை எளிதில் தள்ளிவிடாது.

என்னைக் கேட்டால், இந்தத் துப்பாக்கியின் பெரிய பலம் குழலும் அல்ல, குண்டும் அல்ல. இதன் தோட்டாப் பெட்டியும் எம்-4இன் பெட்டியும் ஒன்று. கைவசம் இருப்பது தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். குறி சற்றுத் தளரும். ஆனால் துப்பாக்கி ஊமையாகாது. ஆயுதங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மீட்டர் கணக்கிலேயே மூழ்கி, இதைக் கவனிக்காமல் போவது எனக்கு எரிச்சலூட்டும்.

2018இல் அமெரிக்கச் சிறப்புப் படைத் தலைமையகம் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. பழைய 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைவிடக் காற்றுக்கு அசைந்து கொடுக்காமல் வெகுதூரம் போகும். தோளில் உதைப்பதும் குறைவு. குறிவீரருக்கு நல்ல செய்திதான். ஆனால் எம்-4 வைத்திருக்கும் தோழர்களிடம் அந்தத் தோட்டா இருக்காது. தனக்கு வேண்டிய அத்தனையையும் அவரே சுமந்துகொண்டு அவர்களுக்கு ஈடுகொடுத்து ஓட வேண்டும்.