பிறவித் தாளம் என்றொரு பாராட்டு

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஆப்பிரிக்க, கரீபிய நடனங்களை மேடையில் ஆடிப் புகழ் பெற்றவர்களைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். அதையே பாடமாக்கி, வகுப்பெடுத்து, வாடகைக்கும் மேளக்காரர் சம்பளத்துக்கும் அல்லாடியவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. இன்றைக்கு அப்படி இரண்டு பேர். கேத்தரின் டன்ஹாம், 1909இல் சிகாகோ பக்கம் பிறந்தவர். பேர்ல் பிரைமஸ், 1919இல் டிரினிடாடில் பிறந்து சின்னக் குழந்தையாகவே நியூயார்க் வந்துவிட்டவர். இருவருமே மேடையில் பேர் வாங்கிய கருப்பினப் பெண்கள்தான். ஆனாலும் மேடையை நான் சீக்கிரம் தாண்டிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காலத்தில் கருப்பின ஆட்டக்காரர்களுக்கென்றே ஒரு பாராட்டு தயாராக இருந்தது: இவர்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே ஓடுகிறது. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ரத்தத்தில் இருப்பதற்குப் பயிற்சி எதற்கு? பள்ளிக்கூடம் எதற்கு? வாத்தியார் எதற்கு, அவருக்குச் சம்பளம் எதற்கு? பாலே என்ற ஐரோப்பிய நடனம் என்றால் பத்து வருஷம் படிக்கும் கலை, இது மட்டும் தானாக முளைக்கும் களை என்றாகிவிடுகிறது. இந்தப் பாராட்டை ஏற்க மறுத்ததுதான் இந்த இரண்டு பெண்களும் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை என்பது என் கட்சி.

டன்ஹாம் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். 1935இல் ரோசன்வால்ட் அறக்கட்டளையிடம் உதவித்தொகை கேட்டுப் போகிறார். என்ன ஆராயப் போகிறாய் என்று குழுவினர் கேட்டதும், மேலே போட்டிருந்த கோட்டையும் பாவாடையையும் கழற்றி வைத்தாராம். உள்ளே நடன உடை. இது நம் ஊரில் சொல்லித்தருவது என்று கொஞ்சம் பாலே ஆடிக்காட்டி, நான் தேடிப் போவது இது என்று வேறொன்றை ஆடிக்காட்டினார் என்று சொல்வார்கள். பணம் கிடைத்தது.

ஜமைக்கா, மார்த்தினிக், டிரினிடாட், ஹைத்தி என்று போனார். ஜமைக்காவில் அக்கம்போங் என்ற மலைக்கிராமம்; அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி, ஆங்கிலேயரோடு சண்டை போட்டு, உடன்படிக்கை செய்துகொள்ள வைத்த மரூன் மக்களின் ஊர். வாரக்கணக்காக அங்கே தங்கியும், அவர்களுடைய பழைய போர் நடனத்தைப் பார்க்க அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, அவர் கிளம்பப்போகிற நேரத்தில்தான் ஆடினார்கள். வந்தவளுக்கெல்லாம் எடுத்துக்கொடுக்கிற சரக்கா அது? மார்த்தினிக்கில் அக்யா என்ற மல்லாட்டத்தைப் பார்த்தார். எதிரெதிராக நிற்கும் இரண்டு பேரின் அடியை மேளம்தான் நடத்தும். போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே மார்த்தினிக்குக்குத்தான் 1853லிருந்து காரைக்கால், புதுச்சேரி பக்கமிருந்து நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே மாரியம்மன் கும்பிடும்போது இன்றும் தப்பு அடிக்கிறார்கள், அதே பெயரில். அது தனிப் பேச்சு. இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஹைத்தியில்தான் டன்ஹாம் நிலைகொண்டார். ஆப்பிரிக்க வேர் கொண்ட அந்த ஊர்ச் சமயமான வோடு வழிபாட்டில் தீட்சையும் பெற்றார். அங்கே தம்பல்லா என்ற நாகதெய்வத்துக்கு ஆடுவது யான்வலு. முழங்காலை மடித்து, உடம்பை முன்னால் தாழ்த்தி நிற்க வேண்டும். அடிமுதுகில் ஓர் அலை கிளம்பி, எலும்பு எலும்பாக ஏறி, கழுத்து வழியாகத் தலையில் போய் முடியும். முடிவதற்குள் அடுத்தது கிளம்பியிருக்கும். பார்க்கச் சும்மா அசைவதுபோல இருக்கும். வீட்டுக்குப் போய் முயன்று பாருங்கள், நடுமுதுகு மரக்கட்டையாக நிற்கும். ரத்தம் எந்த ஊர் ரத்தமாக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

இதையெல்லாம் அவர் பாடமாக்கினார். டன்ஹாம் முறை என்றே பெயர் வந்துவிட்டது. முதலில் மூச்சு, பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. அடுத்து உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரிப்பது: தலை அசையும்போது தோள் அசையக்கூடாது, இடுப்பு போகும்போது நெஞ்சுக்கூடு நிற்க வேண்டும். அது கைவந்த பிறகு இரண்டையும் சேர்த்து, தோளுக்கு ஒரு தாளம், காலுக்கு வேறொரு தாளம். அப்புறம் வரிசை வரிசையாகக் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஆடிப் போவது. இத்தனைக்கும் ஆள் உட்கார்ந்து மேளம் வாசிக்க வேண்டும்.

1940களின் நடுவில் நியூயார்க்கில் பள்ளி திறந்தார். நடனத்தோடு மானுடவியல், நாடகம், மொழிகள் எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தன. பாடகி எர்த்தா கிட் அங்கிருந்து வந்தவர். ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவும் வந்து போனவர். பேர் பெரிய பேர், கல்லாவில்தான் ஒன்றுமில்லை. குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஆடிச் சம்பாதித்த பணம் பள்ளிக்குள் போய்க் கரைந்தது. பத்து வருஷம்போல ஓடி, பள்ளி மூடப்பட்டது. அந்தப் பயணங்களில் பட்ட அவமானங்களுக்கும் குறைவில்லை. 1950இல் சாவோ பாலோவில் ஓட்டல் ஒன்று அறை தர மறுத்தது. அவர் சும்மா விடவில்லை. விஷயம் பெரிதாகி, மறு வருஷமே பிரேசிலில் இனப்பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது.

பிரைமஸின் பாதை வேறு. ஹண்டர் கல்லூரியில் உயிரியல் படித்து 1940இல் பட்டம் பெற்றார். டாக்டராகும் ஆசை. கருப்பினப் பெண்ணுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை தர ஆளில்லை. பிழைப்புக்காக அரசின் இளைஞர் வேலைத்திட்டத்தில் சேர்ந்தவர் நடனத்துக்கு வந்து சேர்ந்தார். மூன்றே வருஷத்தில் நியூயார்க் மேடையில் அவர் தாவும் உயரத்தைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பேச்சில் மயங்காமல் 1944இல் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களுக்குப் போய், குத்தகை விவசாயிகளோடு தங்கிப் பருத்தி பறித்தார். அங்கே தேவாலயத்தில் மக்கள் உடம்பை எப்படி அசைக்கிறார்கள் என்று கவனித்தார்.

1948இல் அதே ரோசன்வால்ட் உதவித்தொகையில் ஆப்பிரிக்கா. நைஜீரியாவில் அவருக்கு ஓமோவாலே என்று பெயர் வைத்தார்கள்; வீடு திரும்பிய பிள்ளை. லைபீரியாவிலிருந்து ஃபங்கா என்ற வரவேற்பு நடனத்தைக் கொண்டுவந்தார். பிறகு கணவர் பெர்சிவல் போர்டுடன் நியூயார்க்கில் வகுப்பு எடுத்தார், 1960களில் பொதுப்பள்ளிக் குழந்தைகளிடம் ஆப்பிரிக்க நடனத்தைக் கொண்டுபோனார், 1978இல் முனைவர் பட்டமும் வாங்கினார். அந்த ஃபங்கா இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக ஆடப்படுகிறது. பலர் அதோடு சேர்த்துப் பாடும் பாட்டு பின்னால் அமெரிக்காவில் கட்டியது. இது கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. எது லைபீரியாவிலிருந்து வந்தது, எது அமெரிக்காவில் சேர்ந்தது என்று வாத்தியார் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் விடுவதுதான் தப்பு.

டன்ஹாமின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்தது அவர் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் உள்ள கிழக்கு செயின்ட் லூயிஸுக்குப் போன காலம். 1960களில் வேலையும் போய், நம்பிக்கையும் போய்க்கிடந்த ஆலைநகரம். அறுபதை நெருங்கும் வயதில், உலகம் சுற்றிய ஒரு நட்சத்திரம் அங்கே போய்க் குடியேறுகிறார். 1967இல் போலீஸ் இளைஞர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது, ஏன் என்று கேட்ட இவரையும் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்து அங்கேயே பயிற்சி மையம் நடத்தினார். தெருவில் திரிந்த பையன்களிடம் வந்து நடனம் கற்றுக்கொள் என்றால் வருவானா? மேளத்தை வைத்து இழுத்தார். அதற்காகவே செனகலிலிருந்து மோர் தியாம் என்ற மேளக் கலைஞரை 1968இல் வரவழைத்தார். அவருடைய மகன்தான் இன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடகர் ஏகான். பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள உங்களில் யாருக்காவது ஆசை வந்தால், பணம் கட்டுவதற்கு முன் வாத்தியாரிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள். 'ஆப்பிரிக்க நடனம்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்களே, ஐம்பதுக்கு மேல் நாடுகள் உள்ள கண்டத்தில் இது எந்த ஊர் ஆட்டம், யாரிடம் கற்றீர்கள்? அடுத்து, மேளம் ஆள் வந்து வாசிப்பதா, போனிலிருந்து வருவதா? ஆள்தான் என்றால் கட்டணம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். பேரம் பேசாமல் கொடுங்கள்.