பார்ப்பவர் யாருக்குப் பதில் சொல்வார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனசமூக நிலைய முற்றத்தில் இந்த நேரத்திலும் கலையாமல் இருக்கும் கிளிநொச்சி உறவுகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

"கண்காணிப்புத் தொழில்நுட்பம் மக்களுக்குக் காவலா, கண்ணியா?" என்பது இன்றைய தலைப்பு. கண்ணிதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தம்பி நன்றாகப் பேசினார். சந்தியில் கமரா பூட்டிய பிறகு மோட்டார் சைக்கிள் களவு குறைந்தது என்றார். டிஜிட்டல் அடையாள அட்டை வந்தால் ஒரு சான்றிதழுக்காகக் கந்தோர் கந்தோராக அலையத் தேவையில்லை என்றார். கடைசியில், "மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். எதிரணித் தலைவரோ இன்னும் ஒரு படி மேலே போய், அரசும் விஞ்ஞானிகளும் சொல்வதைச் சந்தேகிப்பவர்கள் முன்னேற்றத்தின் எதிரிகள் என்றார்.

தம்பி சொன்ன முதல் இரண்டையும் நான் முழுதாக மறுக்கவில்லை. 2022இல் பெற்றோலுக்கு நாங்கள் எப்படி வரிசையில் கிடந்தோம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். யூலையில் வாகனத்துக்கு இத்தனை லீற்றர் என்று பங்கிடும் கியூஆர் முறை வந்த பிறகு அந்த வரிசை சுருங்கியது. நல்லது. ஆனால் அதற்காக அடையாள அட்டை இலக்கம் கொடுத்தோம், வாகன இலக்கம் கொடுத்தோம், தொலைபேசி இலக்கம் கொடுத்தோம். எத்தனை லீற்றர் அடித்தோம் என்பதும் பதிவானது. 2023 செப்டெம்பரில் அந்தப் பங்கீடு நிறுத்தப்பட்டபோது, இந்த விவரமெல்லாம் அழிக்கப்பட்டதா, யாரிடம் இருக்கிறது என்று வரிசையில் நின்ற எங்களிடம் யாராவது வந்து சொன்னார்களா? நாங்கள்தான் கேட்டோமா? பெற்றோல் கிடைத்த சந்தோசத்தில் கேள்வியை விட்டுவிட்டோம். என் அணியின் வாதம் முழுவதும் அந்த விட்டுப்போன கேள்வியைப் பற்றியதுதான்.

சரி, மறைக்க ஒன்றுமில்லாதவன் ஏன் பயப்பட வேண்டும்? இந்தக் கேள்வியை உலகில் வேறு எங்கே கேட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். வன்னியில் நின்று கேட்கக் கூடாது, தம்பி.

2009இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்த மண்ணிலிருந்து முட்கம்பிக்குள் போனோம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பெயர் எழுதினார்கள், படம் எடுத்தார்கள். மீளக் குடியமர்ந்த பிறகு வீட்டுக்கு வந்து மறுபடியும் எழுதினார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், யார் எங்கே வேலை என்று கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லாத சனம்தான் அத்தனைக்கும் பதில் சொன்னது. அதனால் எங்கள் பயம் குறைந்ததா? ஒருவருடைய போனில் தன் இலக்கம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக விசாரணைக்குப் போய்வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கக்கூடும். கை தூக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கேட்டால் அதையும் யாராவது குறித்துக்கொள்வார்களோ என்ற யோசனை எனக்கே வருகிறது.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி, கந்தசுவாமி கோயிலடியில் எங்கள் அம்மாமார் போராட்டத்தில் அமர்ந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அமர்ந்தவர்கள். சிவில் உடையில் வந்தவர்கள் அந்தப் பந்தலை எத்தனை முறை படமெடுத்தார்கள்! ஒவ்வொரு அம்மாவின் முகமும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா கேட்பதும் ஒரு பதிவைத்தான். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் தன் கையாலேயே ஒப்படைத்த பிள்ளையின் பதிவைத்தான் அவள் கேட்கிறாள். காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது. அந்த அலுவலகமும் திறந்தது. அதற்கும் போய் மறுபடியும் தன் விவரத்தைத்தான் கொடுத்துவிட்டு வந்தாள்.

நடுவர் அவர்களே, அந்த அம்மாவைப் பற்றி அரசுக்கு எல்லாம் தெரியும். அரசுக்குத் தெரிந்த ஒரேயொரு விஷயம் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. இதற்குக் காவல் என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

இது போர் நடந்த நாட்டின் துயரம், தொழில்நுட்பம் என்ன செய்யும் என்று எதிரணி கேட்கலாம். அப்படியானால் போர் நடக்காத, நீதிமன்றமும் பத்திரிகையும் பலமாக இருக்கிற அமெரிக்காவுக்குப் போவோம்.

2013 மார்ச் 12. அந்த நாட்டின் தேசியப் புலனாய்வுப் பணிப்பாளர் ஜேம்ஸ் கிளாப்பர் செனட் குழுவின் முன் அமர்ந்திருக்கிறார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவலைத் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா என்று செனட்டர் ரோன் வைடன் கேட்கிறார். "இல்லை ஐயா" என்கிறார் பணிப்பாளர். தெரிந்து திரட்டவில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். மூன்று மாதம் போகவில்லை. அந்த முகமைக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்த எட்வேர்ட் ஸ்னோடன் என்ற இளைஞர் கொடுத்த ஆவணங்கள் யூன் மாதம் 'கார்டியன்' பத்திரிகையில் வரத் தொடங்கின. ஒரு பெரிய தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை நாள்தோறும் அந்த முகமைக்குக் கொடுக்க வேண்டும் என்ற இரகசிய நீதிமன்ற உத்தரவு முதலில் வெளியானது. யார் யாருக்கு எடுத்தார், எப்போது எடுத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்பதெல்லாம் அதில் அடங்கும். பேச்சைத்தான் கேட்கவில்லையே, அது போதாதா என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். ஆனால் அந்த முகமையின் முன்னாள் தலைவர் மைக்கல் ஹெய்டன் 2014இல் ஒரு மேடையில், இத்தகைய பதிவுகளை வைத்தே நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று வாய்திறந்து சொன்னார். போனில் இலக்கம் இருந்ததற்காக விசாரிக்கப்பட்ட வன்னி மனிதருக்கு இது புரிய விளக்கவுரை தேவையில்லை.

அப்புறம் நடந்ததுதான் இந்தப் பட்டிமன்றத்துக்கு மிக முக்கியம். மக்கள் கோபப்பட்டதும், இந்தக் கண்காணிப்பால் 54 பயங்கரவாதச் சம்பவங்களை முறியடித்தோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். 54! எவ்வளவு உறுதியான எண். செய்திகளில் அது திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு அந்தச் செய்தியை வாசித்த ஒருவர் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்றிருந்தால், நம் எதிரணித் தலைவர் அவரை முன்னேற்றத்தின் எதிரி என்றிருப்பார். ஆனால் அந்த அரசே அமைத்த தனியுரிமை மேற்பார்வைச் சபை இரகசியக் கோப்புகளைத் திறந்து பார்த்தது. 2014 சனவரியில் அறிக்கை தந்தது. தொலைபேசிப் பதிவுத் திட்டத்தால் அமெரிக்காவுக்கு எதிரான அச்சுறுத்தல் ஒன்றின் விசாரணை முடிவு உருப்படியாக மாறியதற்கு ஓர் உதாரணம்கூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதியது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அந்தத் திரட்டலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதுதான் கடைசியில் சரி.

எங்கள் நாட்டுக்கே வருவோம். தகவல் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும் என்றால், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்திருக்கக் கூடாது. தேவாலயங்கள் குறிவைக்கப்படுகின்றன என்ற எச்சரிக்கை, சந்தேக நபர்களின் பெயரோடு, ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து வந்தது. குண்டுகள் வெடித்தது 21ஆம் திகதி. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2023 சனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும் அன்றைய அரச புலனாய்வுத் தலைவர் 7.5 கோடி ரூபாவும் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. தகவல் போதாததற்காகவா அந்தத் தீர்ப்பு? கையில் இருந்த தகவலை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததற்காக. இன்னும் ஆயிரம் கமரா பூட்டியிருந்தாலும் அந்த எச்சரிக்கைக் கடிதம் அதே மேசையில்தான் கிடந்திருக்கும்.

விஞ்ஞானத்தின் பெயரால் வந்த செய்திகளையும் எதிரணித் தலைவர் தொட்டார். நான் இரண்டே இரண்டை நினைவூட்டுகிறேன். 2020 கடைசியில் கொரோனாவுக்குப் பாணி மருந்து கண்டுபிடித்ததாகக் கேகாலையில் ஒருவர் சொன்னார். சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். ஆயிரக்கணக்கில் சனம் திரண்டது. அடுத்த மாதம் அமைச்சருக்கே தொற்று உறுதியானது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவித்தலில் நிறுத்தினார்கள். சேதன விவசாயம், நஞ்சற்ற உணவு என்று அழகான பேச்சு. காலபோகத்தில் யூரியா இல்லாமல் மஞ்சளடித்துப் போன வயலில் நின்றவர்கள் நாங்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பயிருக்குப் போக வேண்டிய நேரம் போய்விட்டது. விவசாய விஞ்ஞானிகள் அப்போதே எச்சரித்தார்கள், கேட்க ஆளில்லை. உண்மையான விஞ்ஞானம் சந்தேகத்தை விரும்பும். கேள்வி கேட்காதே என்று அரசியல்வாதிதான் சொல்வான்.

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை. 2022இல் இந்தியாவோடு ஒப்பந்தமாகி, அந்த நாட்டின் நிதியுதவியோடு வருகிற திட்டம். முகம், கைரேகை, கண் கருவிழி மூன்றையும் எடுப்பார்கள் என்கிறார்கள். இந்த மூன்றையும் எங்கள் மண்ணில் வைத்து யோசித்துப் பாருங்கள். செல்லடியில் கையை இழந்தவர்கள், கண்ணை இழந்தவர்கள் எத்தனை பேர் எங்களோடு வாழ்கிறார்கள்! மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கைரேகை தேய்ந்த கமக்காரர் எத்தனை பேர்! இந்தியாவில் ஆதார் என்ற அடையாள முறையில் கைரேகை பொருந்தாமல் பங்கீட்டுக் கடையிலிருந்து ஏழைகள் திரும்பிய கதை நெடுகிலும் இருக்கிறது. 2016-17ஆம் ஆண்டின் அந்த நாட்டுப் பொருளாதார ஆய்வறிக்கையே இந்தச் சிக்கலைப் பதிவுசெய்தது. முகத்தை நம்பலாமா? 2020இல் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரப் பொலிஸ், கணினி தப்பாகக் காட்டிய முகத்தை நம்பி, கடையில் களவெடுக்காத ஒரு கறுப்பின மனிதரை மனைவி பிள்ளைகளின் முன்னால் கைவிலங்கிட்டுக் கொண்டுபோனது. 2019இல் அந்த நாட்டின் தர நிர்ணய நிறுவனம் ஆராய்ந்தபோதும், பல மென்பொருள்கள் ஆசிய, ஆபிரிக்க முகங்களைத்தான் அதிகம் மாற்றி அடையாளம் காட்டின. டெட்ரொயிட்டில் அந்த மனிதர் வழக்குப் போட்டார், இழப்பீடும் பெற்றார். வழக்கில்லாமலே ஆளை அடைத்துவைக்க விடும் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிற எங்கள் நாட்டில் கணினி தப்பாகக் காட்டினால் என்ன நடக்கும்? அந்தச் சட்டமே 1979இல் மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வந்தது. 1982இல் நிரந்தரமானது. அதனால்தான் "கொஞ்சக் காலத்துக்கு", "நல்ல நோக்கத்துக்கு" என்று எவர் சொன்னாலும் எங்கள் சனம் உடனே தலையாட்டுவதில்லை.

எங்களுக்கு வேறு வழி தெரியாதா என்றால், தெரியும். இரணைமடுக் குளத்தைப் பாருங்கள். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது என்று பொறியியலாளரும் அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளின் முன்னால் சொல்லியாக வேண்டும். சண்டை வரும், சத்தம் வரும். ஆனால் தண்ணீர் திறக்கிற மதகான துருசின் திறப்பு யார் கையில் என்பது எல்லோருக்கும் தெரியும். தப்பு நடந்தால் யாரைப் போய்ப் பிடிப்பது என்பதும் தெரியும். தண்ணீருக்கு இருக்கிற இந்த மரியாதை எங்கள் முகத்துக்கும் விரலுக்கும் வேண்டாமா?

அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. வருவதற்குள் தள்ளிப்போட்டார்கள். தரவைத் திரட்டும் திட்டம் ஓட, அதைப் பாதுகாக்கும் சட்டம் பின்னால் நொண்டி வருகிறது. சட்டம் முதலில் முழுதாக வரட்டும், கருவி பிறகு வரட்டும் என்பதுதான் எங்கள் அணியின் கோரிக்கை. இதில் எங்கே முன்னேற்றத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது?

நடுவர் அவர்களே, எனக்குப் பிறகு எதிரணியிலிருந்து ஒரு தங்கச்சி பேச இருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டுவிட்டு அமர்கிறேன். கந்தசுவாமி கோயிலடியில் எடுத்த அந்தப் படங்கள் இன்று யாரிடம் இருக்கின்றன, என்ன சட்டத்தின் கீழ் எடுத்தார்கள், அவற்றை அழிக்கச் சொல்லி அந்த அம்மா எந்தக் கந்தோரில் மனுக் கொடுக்க வேண்டும்? கந்தோரின் பெயரைச் சொன்னால் போதும், தங்கச்சி. நாளைக்கே அந்த அம்மாமாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெயர் சொல்ல முடியாவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.