மடியில் கனம் இருக்கிறது, அதனால்தான் லாக்கர் வாங்கினோம்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அமெரிக்கத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்.

வீட்டு லாக்கரின் எண்ணை அதிகாரிகளுக்குக் கொடுப்பது கம்பெனியின் கடமையா, துரோகமா? நான் துரோகம் கட்சி. 2023 ஆகஸ்ட் 30, ஆர்கன்சாஸ் மாநிலம். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலில் நடந்த கலவரம் தொடர்பாக ஒருவர் வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை. வீட்டைச் சோதிக்க வாரண்ட் இருந்தது, சரி. லாக்கர் திறக்கவில்லை. அதைச் செய்த, யூட்டாவில் இருக்கும் லிபர்ட்டி சேஃப் கம்பெனியைக் கேட்டார்கள், எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். விஷயம் வெளியே வந்து வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு, "இனி சப்போனா என்கிற சட்டப்படியான உத்தரவு வந்தால்தான் கொடுப்போம், கேட்டால் உங்கள் எண்ணை எங்கள் பதிவிலிருந்தே அழித்துவிடுகிறோம்" என்றார்கள். அழிக்க முடிகிற சாமானை அதுவரை எதற்கு வைத்திருந்தார்கள்?

இதற்குத்தான் எதிரணித் தம்பி எழுந்து, "அக்கா, மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?" என்றார். கைதட்டினீர்கள். ஒருவர் விசிலே அடித்தார், பார்த்துவிட்டேன். தம்பி, மடியில் கனம் இல்லாதவன் எதற்கப்பா இரும்புப் பெட்டியை நாலு ஆள் வைத்துத் தூக்கி வீட்டுக்குள் இறக்குகிறான்? கனம் இருக்கிறது! ஒளிக்கவே இல்லையே! அந்தப் பழமொழியில் வருகிற ஆள் யார்? பணமுடிப்பை மடியில் கட்டிக்கொண்டு காட்டுவழி போகிறவன். அவன் கள்ளனா? கள்ளனுக்குப் பயந்தவன், தம்பி! நீங்கள் சொன்ன பழமொழி எங்கள் அணிக்காரருடையது.

எங்கள் வீட்டுக் கனத்தையும் சொல்கிறேன். வீட்டுக்காரர் லாக்கர் எண்ணை மறந்துவிட்டார். என் பிறந்தநாளை அடித்தார், திறக்கவில்லை. கல்யாண நாளை அடித்தார். தேதி சரி, வருஷம் தப்பு. அதை அப்புறம் தனியாகக் கவனித்துக்கொண்டேன். பூட்டு கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எந்த எண்ணையும் வாங்கவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் கம்பெனிக்குப் போன். லாக்கரின் சீரியல் நம்பரைக் கேட்டார்கள், இவருடைய ஐடியைக் கேட்டார்கள், அந்தப் பக்கம் ஒரு பெண் ஒரு எண் சொன்னாள். அடித்தோம். டிக்! இவர் குதிக்கிறார். மாமியார் குதிக்கவில்லை.

"ஏண்டா, இது நீ வச்ச நம்பரா?"

"இல்லம்மா."

"அப்போ அவ நம்பரா?"

"ஆமாம்மா."

"அப்போ என் வளையல் யார் வீட்டுல இருக்கு?"

பின்வரிசையில் கேட்டதா? திரும்பச் சொல்கிறேன். "என் வளையல் யார் வீட்டுல இருக்கு?" அன்று ராத்திரியிலிருந்து வளையலைப் போட்டுக்கொண்டேதான் தூங்கினார். "திருடன் வந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?" என்றேன். "திருடன் வந்தா என்னை எழுப்பணும். அவ என்னை எழுப்ப வேண்டாமே!"

சிரிக்கிறீர்கள். ஒரிகன் செனட்டர் ரான் வைடன் 2024 மார்ச்சில் எழுதிய கடிதமும் இதைத்தான் சொன்னது. பூட்டுக் கம்பெனிகளிடம் இப்படி இன்னொரு எண் இருக்கிறது, அதனால் அரசாங்கத்தின் சொந்தப் பயன்பாட்டுக்கு அந்தப் பூட்டுகளுக்கு அனுமதி இல்லை, மக்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்றார். மாமியாருக்குத் தெரிந்தது வாஷிங்டனுக்கும் தெரிந்திருக்கிறது!

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரு நிமிஷம், ஐயா.

அந்த லாக்கருக்குள் வளையலோடு மஞ்சள் துணியில் கட்டிய ஒரு கட்டு இருக்கிறது. மாமனார் துபாயில் வேலை பார்த்தபோது மாமியாருக்கு எழுதிய கடிதங்கள். எட்டாவது வரை படித்த மனிதர், ஊருக்கு வந்தால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டார். பெண்டாட்டிக்கு என்னதான் எழுதியிருப்பார்? எனக்குத் தெரியாது. அவர் பெற்ற பிள்ளைக்கும் தெரியாது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் நான் கட்டைத் தொட்டேன். "அது மட்டும் வேண்டாம்மா" என்றார் மாமியார். அவ்வளவுதான், எடுத்த கையை இழுத்துக்கொண்டேன்.

நாளைக்கு ஒரு அதிகாரி, நல்ல அதிகாரியாகவே இருக்கட்டும், எதையோ தேடிவந்து அந்த முடிச்சை அவிழ்ப்பார். குற்றமா கண்டுபிடிக்கப் போகிறார்? கடல் தாண்டி ஒரு மனிதன் ராத்திரியில் உட்கார்ந்து எழுதியதை நின்றுகொண்டே புரட்டுவார்.

தம்பி, உங்கள் அம்மா அப்படி ஒரு கட்டை உங்களிடம் கொடுத்து வைத்தால், அந்த எண்ணை யாரிடம் சொல்வீர்கள்? மணி அடித்தாயிற்று. வணக்கம்.